நாலாம் படியில் நின்ற ரயில்

நவராத்திரி ஐந்தாம் நாள் காலையில், நீரஜாவின் கொலுவில் நாலாம் படியில் ஓடிக்கொண்டிருந்த ரயில் நின்றுவிட்டது.

நிஜ ரயில் நின்றிருந்தால் மயிலாப்பூரில் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் போய் எல்லோருக்கும் பழகிவிட்டது. ரோட்டில் இன்னும் வராத அந்த ரயிலை ஸஹானாவும் பாலகணேஷும் கொலுப்படியில் ஓட விட்டிருந்தார்கள். தி. நகர் ஜவுளிக் கடை வாசலில் புறப்படும். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றும். மறுபடி ஜவுளிக் கடைக்கே போய்ச் சேரும். குளத்தில் தெப்பம் தானாக வலம் வரும், கடையில் கடுகளவு விளக்குகள் எரியும்.

இவ்வளவையும் ஆட்டி வைப்பது, படிக்குள்ளே வேட்டித் துணிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சீட்டுக்கட்டு அளவு கம்ப்யூட்டர். ஸஹானா அதைப் போர்டு என்பாள். அவள் அப்பா ஸ்ரீனிவாசராகவன் டப்பா என்பார்.

அந்த டப்பாதான் காலை வாரிவிட்டது. அதுவும் எந்த நாளில் என்றால், பாலகணேஷின் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வருகிற நாளில்.

போன வாரம் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டவர்களுக்காக நாலு வரி. அடையாறில், பள்ளிக்கூடங்களுக்கு விஞ்ஞானக் கருவிகள் செய்து தரும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஸஹானாவும் பாலகணேஷும் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். அவனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று ஸஹானா வீட்டில் சொன்னாள். சொல்வதற்கு அவள் தேர்ந்தெடுத்தது ஆடி மாதம். அவளுக்குச் சர்க்யூட் தெரியும், பஞ்சாங்கம் தெரியாது.

பையன் தி. நகர் மேட்சிங் சென்டர் இசக்கிமுத்துவின் மகன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்றதும், அண்ணன் ஸ்ரீவத்சன் தாம்தூம் என்று குதித்தான். அப்பா, "பாக்கலாம், பாக்கலாம்" என்று பேப்பருக்குள் போய்விட்டார். அம்மா நீரஜா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. கொலுவுக்குப் படி கட்டும்போது மட்டும், "நாலாம் படி உங்க ரெண்டு பேருக்கும்" என்றாள். அப்புறம் போன வாரம், யாரும் கேட்காமல் அவளே இசக்கிமுத்து வீட்டுக்குப் போன் போட்டு, கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வரும்படி கூப்பிட்டாள். அது காதில் விழுந்த ஸ்ரீவத்சன், "அவா வர அன்னிக்கு நான் அந்த ஆத்து வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று அடையாறு ஃப்ளாட்டில் இருந்துகொண்டே சபதம் செய்தான்.

ஆக, ஸஹானாவுக்கு வேண்டியது அம்மா வாயிலிருந்து ஒரு சரி. அதற்கு அவளிடம் இருந்த ஒரே சிபாரிசு அந்த ரயில்தான். அது இப்போது குளத்தங்கரையில் கோணலாக நின்றுகொண்டிருந்தது.

ஸஹானா படிக்கு முன்னால் மண்டியிட்டு, செட்டியார் பொம்மையின் இடுப்பைப் பிடித்தாள்.

"கை வைக்காதே."

நீரஜா சமையல் அறை வாசலில் நின்றாள். கையில் ஊறவைத்த பட்டாணி. வயலின் டீச்சர் என்பதால் அவள் அதட்டினால்கூடச் சுருதி சேர்ந்தே வரும்.

"அம்மா, செட்டியாரைக் கொஞ்சூண்டு நகர்த்தினா உள்ள கை போயிடும்."

"கலசம் வச்சாச்சு. விஜயதசமி அன்னிக்கு நான் ஒரு பொம்மையைப் படுக்க வைக்கற வரைக்கும் எதுவும் நகரப்படாது."

"செட்டியார் அரை இஞ்ச் தள்ளி உக்காந்தா என்னம்மா ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாது. இருந்தாலும் இந்த வருஷம் வேண்டாம்."

இந்த வருஷம் என்பதில் அம்மா கொஞ்சம் நின்று போனதை ஸஹானா கவனித்தாள். கேட்பதற்குள் நீரஜா உள்ளே போய்விட்டாள்.

"சரி, பொம்மையை விடு. போர்டை மட்டும் பின்னாலேர்ந்து வெளில இழுத்துக்கறேன். அது பொம்மை இல்லையே?"

"படியில ஏறினதெல்லாம் கொலுதான்" என்றது சமையல் அறை.

ஸஹானா பாலகணேஷுக்குப் போன் செய்தாள். தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டதால் அவன் லீவு போட்டுவிட்டு அப்பா கடையில் நின்றான். பின்னால் யாரோ ஒரு பெண்மணி, இந்த ரோஸ் இல்லை, அதற்கு அடுத்த ரோஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாலா, ரயில் நின்னு போச்சு."

"எதையும் கழட்டாத. முதல்ல கரண்ட் போகுதான்னு பாரு. போர்டுல சிவப்பு லைட்டு எரியுதா?"

"போர்டையே பாக்க முடியலை. அம்மா நகர்த்த விடமாட்டேங்கறா."

"பின்பக்கம் சுவத்துக்கும் படிக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டோமே?"

"தலை போகாது."

"தலை எதுக்கு? கண்ணாடி போதும்."

கூடத்தில் தாம்பூலப் பைகள் வரிசையாக இருந்தன. வருகிற பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்க மஞ்சள், குங்குமம், சீப்பு, கைக்கண்ணாடி. ஸஹானா ஒரு பையிலிருந்து கண்ணாடியை உருவினாள். போனில் டார்ச்சைப் போட்டு, சுவரோடு ஒட்டி நின்று, கண்ணாடியை இடுக்கில் நீட்டினாள்.

"எரியறது பாலா. ஆனா நிலையா இல்ல. கண் சிமிட்டற மாதிரி."

"பச்சை?"

"அப்பப்ப மினுக்கறது."

"அப்ப உசுரு இருக்கு. மெமரி கார்டும் பொழச்சிருக்கு. வைஃபைல வந்து நிக்குதா பாரு."

ஸஹானா பார்த்தாள். அம்மா போன், அப்பா போன், டி.வி. எல்லாம் இருந்தன. போர்டு இல்லை.

"இல்லவே இல்ல. நேத்தி வரைக்கும் ஓடித்தே."

"ஓடுறதுக்கு வைஃபை வேணாம், அது பாட்டுக்கு ஓடும். எப்ப கட் ஆச்சோ நமக்குத் தெரியாது. வைஃபைல எதாவது மாத்துனீங்களா?"

"யாரும் ஒண்ணும் மாத்தலையே."

பேப்பர் ஒரு அங்குலம் இறங்கியது.

"நான்தான் முந்தாநாள் மாத்தினேன்" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ரிட்டையர் ஆனதிலிருந்து அவருக்கு வீட்டுப் பாதுகாப்பில் அக்கறை அதிகம்.

"எதுக்குப்பா மாத்தினேள்?"

"கொலுவுக்கு வர குழந்தைகள் சுண்டலுக்கு முன்னாடி பாஸ்வேர்டு கேக்கறதுகள். அதுகளைச் சொல்லி என்ன, கூட வர பெரியவாளும் கேக்கறா. மேட்ச் பாக்க உக்காந்தா பந்து பாதியில நிக்கறது. அதான் பேர், பாஸ்வேர்டு ரெண்டையும் மாத்திட்டேன். உன் போன்லகூட நான்தானே போட்டுக் கொடுத்தேன், நீ கவனிக்கலை."

அந்த வீட்டு வைஃபைக்கு ராகத்தின் பெயர்தான் வைப்பார்கள். இவ்வளவு நாள் கேதாரம். இப்போது நீலாம்பரி.

"தாலாட்டு ராகம்னு தெரிஞ்சே வச்சேன். எல்லாரும் தூங்கட்டும்னு" என்று சிரித்தார். "ஒண்ணு சொல்லணும். அந்தப் பையன் பாலா ஒருத்தன்தான் இந்தாத்துக்கு வந்து பாஸ்வேர்டு கேக்காதவன். இந்தக் காலத்துல அப்படி ஒரு பிள்ளையா."

ஸ்பீக்கரில் இருந்த பாலகணேஷ் இருமினான். பேப்பர் அவசரமாக மேலே ஏறிக்கொண்டது.

"பாலா, போர்டுக்குப் பழைய பேர்தானே தெரியும்? பாவம், இல்லாத கேதாரத்தைத் தேடிண்டு இருக்கும்."

"அப்ப இருக்குற மாதிரி ஒண்ணு செஞ்சு வையி."

ஸஹானாவுக்கு உடனே விளங்கியது. தன் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, அதற்குக் கேதாரம் என்று பெயர் வைத்து, பழைய பாஸ்வேர்டையே போட்டாள். போர்டுக்கு எது அசல், எது நகல் என்று தெரியப் போவதில்லை. பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இணைந்திருப்பவை: பூஜ்யம். கொஞ்ச நேரம் பூஜ்யமாகவே இருந்தது. அப்புறம் ஒன்று.

"வந்துடுத்து" என்று அவள் துள்ளிய வேகத்தில் இன்னொரு தாம்பூலப் பை சரிந்தது.

போனிலிருந்தே போர்டுக்குள் நுழைந்து, அது எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் படித்தாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஒரே புலம்பல். மின்சாரம் போதவில்லை, போதவில்லை, போதவில்லை. சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று ரயிலுக்கு உத்தரவு கொடுத்தாள். ரயில் ஒரு விரல்கடை நகர்ந்தது. கடை விளக்குகள் மங்கின. சிவப்பு லைட் அணைந்தது, போர்டு மயக்கம் போட்டு விழுந்து மறுபடி முதலிலிருந்து எழுந்தது.

ஒரே நோயாளிக்கு இரண்டு வியாதி. ஒன்று அப்பாவால் வந்தது, கண்டுபிடித்தாயிற்று. இன்னொன்று?

"அடாப்டரை மாத்திப் பாரு" என்றான் பாலகணேஷ். அது சுவரில் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. ஆபீஸிலிருந்து கொண்டு வந்திருந்த நல்ல அடாப்டரைப் போட்டுப் பார்த்தாள். அதே மயக்கம்.

"அப்ப ஒயர். இல்லாட்டி ஒயர் போய் மாட்டுற வாய். கரண்ட் இங்கேர்ந்து கிளம்புது, அங்க முழுசாப் போய்ச் சேரல. நான் தடியா ஒரு ஒயர் எடுத்துக்கினு வரேன்."

"எடுத்துண்டு வந்து? போர்டு பக்கம் எப்படி மாட்டறது? என் கை முழங்கையோட நின்னுடறது."

"பாக்கலாம். நடுவுல ரயிலை ஓட்டிப் பாக்காத. அடிக்கடி மயக்கம் போட்டா கார்டு போயிடும். கேதாரத்துலயே கிடக்கட்டும், எதையும் மாத்தாத."

மத்தியானம் நீரஜா சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே, "சரியாயிடுத்தா?" என்றாள். கொஞ்சம் கழித்து மாவிலை கட்ட வந்தவள் மறுபடி கேட்டாள். புடவை மாற்றிக்கொண்டு வந்து மறுபடியும்.

"என்னம்மா, என்னைவிட நீ தவிக்கறே?"

"தவிப்பு என்ன இருக்கு. போன்ல அவாகிட்ட சொல்லியிருக்கேன்."

"என்ன சொல்லியிருக்கே?"

"உங்க பிள்ளை பண்ணின ரயிலைப் பாக்க வாங்கோன்னு சொன்னேன். வந்தா ஓடவேண்டாமா?"

ஸஹானா அதற்கப்புறம் அந்த இடுக்கில் கையை நுழைத்து நுழைத்து முழங்கைத் தோலைச் சிராய்த்துக்கொண்டாள். ஒயரின் நுனி விரலுக்கு எட்டவில்லை.

*

இசக்கிமுத்து குடும்பம் மெட்ரோ பள்ளத்தை மூன்று தெரு சுற்றிக்கொண்டு, மாடிப்படி ஏறி வந்து சேர்ந்தது. வெள்ளைச் சட்டையில் இசக்கிமுத்து, கையில் பழத்தட்டோடு மீனாட்சி, பின்னால் தடி ஒயரைச் சட்டைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு பாலகணேஷ்.

"வாங்கோ, வாங்கோ. உக்காருங்கோ" என்றாள் நீரஜா.

"இருக்கட்டும் மேடம்" என்று மீனாட்சி நின்றுகொண்டே இருந்தாள். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் மேடம் என்று முடிவு செய்திருந்தாள். அந்தச் சொல் அவள் நாக்கில் புதுச்செருப்பாகக் கடித்தது.

ரவிக்கைத் துண்டு ஒன்றை நீட்டினாள். "அன்னைக்கு வீடியோ கால்ல ஒரு பச்சைச் சேலை கட்டியிருந்தீங்கள்ல, அதுக்கு இது சேரும்."

நீரஜா உள்ளே போய் அந்தப் புடவையை எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். நூல் பிசகாமல் சேர்ந்தது. "போன்ல பாத்தா இவ்வளவு சரியா எடுத்தேள்?" என்று அசந்துபோனாள்.

"இவளுக்குக் கலர்ல மட்டும் தப்பு வராது" என்றார் இசக்கிமுத்து. "என்னைக் கட்டுனதைத் தவிர வேற தப்பு செஞ்சதே இல்லங்க."

சுண்டல் வந்தது. எல்லோரும் கொலுவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். தசாவதாரம் பார்த்தார்கள், மரப்பாச்சிக்குக் கட்டிய பட்டைப் பார்த்தார்கள். நாலாம் படிக்கு வந்ததும் எல்லாக் கண்ணும் நின்றது.

"என்னல, நம்ம ரயிலு ஓடக் காணோம்?" என்றார் இசக்கிமுத்து.

ஸஹானா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம்பா" என்று பாலகணேஷ் சுவரோடு ஒட்டி நின்று கண்ணாடியை இடுக்கில் விட்டான். டார்ச்சைச் சாய்த்தான். நிமிர்த்தினான். வெகுநேரம் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் ஒரு குழப்பம் வந்தது. அப்புறம் என்னவோ ஒன்று வந்தது. ஸஹானா அதை அவன் முகத்தில் அதுவரை பார்த்ததில்லை. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

கண்ணாடியை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

"ஒயர்தான் ஆன்ட்டி. மட்டமான ஒயரா வாங்கிட்டேன். என் தப்பு. இன்னைக்கு ஓடாது. பொம்மையெல்லாம் நகத்த வேணாம், விஜயதசமிக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

ஒயரை வாங்கியது ஸஹானா. அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கண்ணாலேயே அடக்கினான்.

மீனாட்சி எழுந்து வந்தாள். "எய்யா, இங்க திரும்பு. காது எதுக்குச் செவக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"சின்னப் புள்ளையில பொய் சொன்னாலும் இப்படித்தான் செவக்கும். கண்ணாடியைக் கொண்டா."

"அம்மா, விடும்மா."

அவள் விடவில்லை. மகன் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி, அவன் நின்ற இடத்தில் நின்று, கலர் பார்க்கிற கண்ணால் பார்த்தாள்.

"என்னய்யா இது. ஒயரு போற வாயில மஞ்சளா அப்பிக் கிடக்கு. மஞ்சள்னா மஞ்சப்பொடி இல்ல, சந்தனம்லா. நடுவுல குங்குமமும் இருக்கு."

ஸ்ரீனிவாசராகவன் கையில் பேப்பர் இல்லாததால் எங்கே ஒளிவது என்று தெரியாமல் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"மிஷினுக்குள்ள சந்தனத்தை யாருல வச்சது?" என்று இசக்கிமுத்து மகனைப் பார்த்தார்.

"நான்தான் வச்சேன்" என்றாள் நீரஜா.

கரண்டியைக் கீழே வைத்தாள். முகம் சிவந்திருந்தது. இருபது மாணவிகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள், இப்போது யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"படியில ஏத்தறச்சே எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். மரப்பாச்சிக்கு வச்சேன். செட்டியாருக்கு வச்சேன். இதுவும் புதுசா இந்தாத்துப் படிக்கு வந்திருக்கு, இதை மட்டும் எப்படி விடறது? ஸஹானா ஒயர் எடுக்கப் போயிருந்தா. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு தெரியலை. ஒரு இடத்துல சின்னதா குழிவா இருந்துது. அதுதான் அதோட நெத்தின்னு நெனச்சுண்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. முதலில்.

அப்புறம் மீனாட்சியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. "எங்க கடையில புதுசா பில்லு போடுத மிஷினு வந்தப்ப நானும் இதைத்தான் செஞ்சேன். ரெண்டு நாளு வந்த பில்லெல்லாம் மஞ்சக் கோட்டோட வந்துச்சு. இவுக என்னைத் திட்டாத திட்டு இல்ல."

"மங்களகரமா இருக்குன்னு வாடிக்கையாளர் ஒருத்தர் சொன்னாரு" என்றார் இசக்கிமுத்து. "அதனால தப்பிச்சா."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். நீரஜாவும் சிரித்தாள், வெட்கத்தோடு.

ஸஹானா மட்டும் சிரிக்கவில்லை. கொலு வைத்த அன்று தடவிப் பார்த்து ஒயரைச் செருகியது அவள்தான். ஈரச் சந்தனத்தையும் சேர்த்து உள்ளே அழுத்தியிருக்கிறாள். ஈரம் இருந்தவரை ஓடியது, காய்ந்ததும் நின்றது. அதெல்லாம் சரி. ஆனால் கலசம் வைத்த நாளன்றே அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அந்த டப்பாவிடம் போயிருக்கிறாள். இவள் ஒரு சரிக்காக அம்மா முகத்தையே பார்த்துக் காத்திருந்த நாளெல்லாம், அந்தச் சரி நாலாம் படிக்குள் காய்ந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நம்மளதுன்னு நெனச்சாத்தான வைப்போம்" என்று மீனாட்சி யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னாள்.

நீரஜா அவளைத் திரும்பிப் பார்த்தாள். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீனாட்சியின் கையில் கொடுத்தாள்.

"இதைக் கொஞ்சம் வச்சுக்கோங்கோ. என் கை போகும்."

"அம்மா, நீயா?"

"நாப்பது வருஷமா வயலின் கழுத்துல ஊர்ற விரல். ஒயர் நுனி எட்டாதா? நீங்க சுவிட்ச்சை அணைங்கோ" என்று கணவரிடம் சொன்னாள்.

ஸ்ரீனிவாசராகவன் சுவிட்ச் பக்கம் போய், அணைத்துவிட்டதை இரண்டு தடவை அறிவித்தார். பாலகணேஷ் கண்ணாடியைப் பிடித்தான். இசக்கிமுத்து டார்ச் அடித்தார். நீரஜா பக்கவாட்டில் சாய்ந்து கையை நுழைத்தாள். முழங்கை போனது, அதற்கு மேலும் போனது. ஒரு பொம்மையும் அசையவில்லை.

"கொஞ்சம் இடது பக்கம் ஆன்ட்டி."

"ஆன்ட்டி என்ன ஆன்ட்டி. கண்ணாடியை ஆட்டாம பிடி."

ஒயர் கையோடு வந்தது. நுனியில் காய்ந்த சந்தனம். வாயைச் சுரண்ட என்ன செய்வது என்று ஸஹானா முழிக்கும்போது, மீனாட்சி கொலுவில் எரிந்து முடிந்த ஊதுபத்தியின் மூங்கில் குச்சியை எடுத்து, நகத்தால் மெலிதாகக் கிள்ளிக் கொடுத்தாள். "ஊசி வேண்டாம். ஊசின்னா உள்ள கீறும்."

"அதான் சரி, மெதுவா, கீழ் விளிம்புல" என்று பாலகணேஷ் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நீரஜா கண்ணால் பார்க்காமல் விரலாலேயே சுரண்டினாள். மஞ்சள் துகள் படித்துணியில் உதிர்ந்தது. அப்புறம் தடி ஒயரைச் செருகினாள். பொருந்தியபோது சின்னதாக ஒரு க்ளிக் கேட்டது.

"போடலாமா?" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

"போடுங்கோ."

கண்ணாடிக்குள் சிவப்பு லைட் வந்தது. சிமிட்டவில்லை. பச்சை லைட் குடுகுடுவென்று மினுக்கியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலாம் படியைப் பார்த்தார்கள். கடை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. தெப்பம் நகர்ந்தது. ரயில் ஒரு தடவை உதறிக்கொண்டு புறப்பட்டது.

இசக்கிமுத்து குனிந்தார். வெளிச்சத்தில் இப்போதுதான் அவருக்கு அந்த ஜவுளிக் கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது. இசக்கிமுத்து மேட்சிங் சென்டர். அலமாரியில் அவர் கடை வெட்டுத்துணிகளே தீப்பெட்டி அளவில் மடித்து அடுக்கியிருந்தன. முப்பது வருஷமாகக் கல்லாவுக்குப் பின்னால் நின்றவர், தன் கடையை இப்படி வெளியே நின்று ஆற அமரப் பார்த்ததே இல்லை.

"மயிலாப்பூர்க் கொலுவுல நம்ம கடையை வச்சிருக்காங்க, பாத்தியாட்டி" என்று மனைவியிடம் சொன்னார்.

மீனாட்சி தலையசைத்தாள். வளையல்களை நீட்டினாள். "போட்டுக்கிடுங்க மேடம்."

நீரஜா வளையல்களை வாங்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள், போட்டுவிடு என்பதைப் போல.

"மேடம் வேண்டாம். எங்காத்துல சம்பந்தி மாமின்னு சொல்லுவோம். உங்க பக்கத்துல எப்படிக் கூப்பிடுவா?"

மீனாட்சி அவள் கையைப் பிடித்து முதல் வளையலை ஏற்றினாள். "மதினின்னு கூப்பிடுவோம்."

"அப்போ அப்படியே கூப்பிடுங்கோ. நன்னா இருக்கு."

ஸஹானா பாலகணேஷைப் பார்த்தாள். அவன் காது இப்போதும் சிவந்திருந்தது. இந்தத் தடவை பொய் சொன்னதால் இல்லை. ஸ்ரீனிவாசராகவன் அவன் தோளில் கை வைத்து, இரகசியம் சொல்கிற குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "நீலாம்பரி பாஸ்வேர்டு வேணுமா?" என்றார்.

"வேணாம் அங்கிள்."

"பாத்தியா, இப்பவும் கேக்கலை" என்று மனைவியிடம் பெருமைப்பட்டார்.

மறுபடி சுண்டல் சுற்றிவந்தது. பெரியவர்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். வடபழனியா, மயிலாப்பூரா, தை மாதமா, மாசியா என்று. ஸஹானா போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். மின்சாரம் சரியாகிவிட்டது. இனி போர்டைப் பயமில்லாமல் நீலாம்பரிக்கு மாற்றிவிட்டு, காலையில் செய்த பொய்க் கேதாரத்தை அணைத்துவிடலாம்.

ஹாட்ஸ்பாட்டைத் திறந்தாள்.

இணைந்திருப்பவை: இரண்டு.

ஒன்று போர்டு. இன்னொன்று யார்? அம்மா, அப்பா போன்களை அப்பாவே நீலாம்பரிக்கு மாற்றிவிட்டார். பாலகணேஷுக்கு எந்தப் பாஸ்வேர்டும் தெரியாது. இசக்கிமுத்து வீட்டார் இன்றுதான் முதல் தடவை வருகிறார்கள். கேதாரத்தை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிற போன், இந்த வீட்டுக்குப் பழக்கமான போன், ஆனால் பேர் மாறியபின் வராத போன் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும்.

இரண்டாவது வரியைத் தொட்டாள். வத்சு. அண்ணன் ஸ்ரீவத்சனின் போன்.

அவள் போனின் ஹாட்ஸ்பாட் தெருமுனைவரை எட்டாது. வாசல் கேட் வரை எட்டுவதே சந்தேகம். எட்டினால் மாடிப்படி வளைவுவரை எட்டும். வாசப்படி மிதிக்கமாட்டேன் என்றவன் மிதிக்கவில்லைதான். வாசப்படிக்கு ஏழெட்டுப் படி கீழே எங்கேயோ உட்கார்ந்து, உள்ளே கேட்கிற சிரிப்பையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான். எப்போது வந்தானோ. எதற்கு வந்தானோ.

உள்ளேயிருந்து மீனாட்சியின் குரல் கேட்டது. "மதினி, உங்க மூத்தவரு எப்ப வருவாரு?"

அம்மா என்ன பதில் சொல்வாள் என்று ஸஹானா நிற்கவில்லை. ஒரு கிண்ணத்தில் சுண்டலை அள்ளினாள். சத்தம் கேட்காமல் கதவைத் திறந்தாள். அவள் இறங்குவதற்குள் அவன் எழுந்து போய்விடக் கூடாது. செருப்புக்கூடப் போடாமல் முதல் படியில் காலை வைத்து, போனைப் பார்த்தாள்.

இரண்டு. இன்னும் இரண்டுதான்.